மேற்கு பார்த்த ஜன்னல்

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் ஷௌகி கால் வைக்காத வீடு கிடையாது. முப்பத்தைந்து வருடமாக வீட்டுத் தரகர். எந்தத் தெருவில் எந்த மாடிக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும், எந்தச் சமையலறையில் அடுத்த வீட்டு வெங்காயம் வதங்கும் வாசனை அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் குடியிருக்கும் வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சுவர். கட்டடத்தின் நடுவில் காற்றுக்கென்று விட்ட, கிணறு மாதிரியான சந்து அது. எட்டிப் பார்த்தால் கொடியிலிருந்து யாரோ தவறவிட்ட காலுறைகளும் ஓர் உடைந்த வாளியும் தெரியும். அவர் மனைவி இன்ஸாஃப் அந்தச் சுவரை முப்பத்து மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெண் கேட்டு வந்தபோது அவர் சொன்னது வேறு. நைல் நதி பார்த்த வீடு, ஆறாவது மாடி, படுக்கையிலிருந்து எழாமலே படகுகளைப் பார்க்கலாம் என்றார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுச் சொந்தக்காரரின் தம்பி குவைத்திலிருந்து திடீரென்று வந்து, வீடு தனக்குத்தான் வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டானாம். அதனால் தற்காலிகமாக இந்தச் சந்து வீடு. அந்தத் தற்காலிகத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டார்கள்.

இந்த ஜனவரியில் மூத்தவன் ஹாஸிம் தாய் தகப்பனுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தான். லுக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்குவது, நைல் மேலே நான்கு நாள். எந்த அறை, எந்தப் பக்கம் என்பதை மட்டும் அப்பா பார்த்துக்கொள்ளட்டும், அது அவர் தொழில்தானே என்று சொல்லிவிட்டான். இன்ஸாஃபுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் சந்தோஷத்தோடு ஒரு நிபந்தனையும் கூடவே வரும். இஸ்மாயிலியாவில் அவளுடைய அக்கா தனியாக இருக்கிறாள். அங்கே ஓர் அறை காலி. பால்கனியில் உட்கார்ந்தால் கால்வாயில் கப்பல் போவது தெரியும்.

"இந்தக் கப்பல்லயும் எனக்குச் சுவர்தான்னா, அஸ்வான்ல இறங்கி நேரா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சண்டையெல்லாம் இல்ல. நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க."

சண்டை போட்டிருந்தால் ஷௌகிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ வெள்ளிக்கிழமை என்று நாள் உட்பட யோசித்து வைத்திருந்தாள். கப்பலுக்கு மேல்தளம் உண்டு, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இரண்டு கரையும் தெரியுமே என்று ஹாஸிம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தான். மேல்தளம் ஊருக்கே பொது, ஜன்னல் என்றால்தான் தனக்கு என்று அவள் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஆகவே ஷௌகி பயண அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் முதல் வேலையாகப் பஹ்ரி பார்த்த அறை வேண்டும் என்றார். வடக்கே கடல், அங்கிருந்து வரும் காற்றுதான் கெய்ரோக்காரனுக்கு உயிர். அந்தப் பக்கம் பார்த்த வீட்டைத்தான் பஹ்ரி என்பார்கள். பஹ்ரி வீடு என்றால் அறை சிறிதாக இருந்தாலும் மாடிப்படி இடிந்திருந்தாலும் ஜனங்கள் முண்டியடிப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஷௌகி தலைமுடி நரைக்கும்வரை சம்பாதித்தார். அந்தப் பெண் பொறுமையாக, கப்பல் ஓரிடத்தில் நிற்காது என்றும், அது தெற்கு நோக்கிப் போவதால் வடக்கு என்பது அதன் வால் என்றும், வாலில் இருப்பது இயந்திரம் என்றும் விளக்கினாள். பஹ்ரி என்றால் பஹ்ரிதான், கட்டடம் நகர்ந்தால் திசை நகர்ந்துவிடுமா என்று ஷௌகி வாதாடினார். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் இயந்திரத்தின் சத்தத்தை வாயால் செய்து காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். தரைக்கற்களுக்கு நடுவிலிருக்கும் கோடுதான் நைல். நீளமான ஒரு ரொட்டியை அதன் மேல் வைத்தார்; அது கப்பல். லுக்ஸரில் கப்பல்களைக் கயிறு கட்டி நிறுத்துவது கிழக்குக் கரையில். கிழக்குப் பக்கம் அறை எடுத்தால் கரைச்சுவரும் சுமை தூக்குபவர்களின் கால்களும் தெரியும். மேற்கு என்றால் முழு ஆறு, அதற்கப்பால் பேரீச்சை, அதற்கும் பின்னால் மலை. போதாததற்குச் சாயங்காலச் சூரியன். ரொட்டியைக் கோட்டின் மேல் தெற்கே தள்ளிக்கொண்டே போய், எஸ்னா, எட்ஃபு, கோம் ஓம்போ என்று ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி யோசித்தார். குளியலறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கப்பலைக் காணோம். இன்ஸாஃப் அதைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் மேற்கு என்று அடித்துச் சொன்னார். கையெழுத்துப் போடுமுன், தரகன் மட்டுமே கேட்கும் கேள்வி ஒன்றை அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"முன்னாடி மனை ஏதாவது காலியா இருக்காம்மா? நாளைக்கு எவனாவது வந்து கட்டடம் எழுப்பிட்டா?"

"முன்னாடி நைல் நதி இருக்கு, அங்கிள்."

ஆற்றில் யார் மாடி கட்டப்போகிறார்கள் என்று அவரும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கப்பலைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு அந்தச் சிரிப்பே போதும்.

லுக்ஸர் துறையில் கப்பல்கள் கரையில் வரிசையாக நிற்பதில்லை. ஒன்றின் தோளில் இன்னொன்று, அதன் தோளில் வேறொன்று என்று ஆற்றுக்குள் ஐந்தாறு நிற்கும். கரையிலிருந்து ஒரு கப்பலுக்குள் நுழைந்து, அதன் வரவேற்பறையைக் கடந்து மறுபக்கக் கதவால் அடுத்த கப்பலுக்குப் போக வேண்டும். ஷௌகியும் இன்ஸாஃபும் தவறான இரண்டு கப்பல்களில் இரண்டு முறை வரவேற்பு பானம் குடித்துவிட்டு, மூன்றாவதாகத் தங்கள் கப்பலை அடைந்தார்கள். அறைக்கு வந்ததும் ஷௌகி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாடிக்கையாளருக்கு வீடு காட்டும் அதே கையசைப்போடு திரையை விலக்கினார்.

ஒன்றரை அடி தூரத்தில் நான்காவது கப்பலின் ஜன்னல் இருந்தது. அதற்குள் கோடு போட்ட பைஜாமாவில் ஒரு கிழவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் ஷௌகியைப் பார்த்தார். மரியாதைக்கு ஒரு சுளையை நீட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

இன்ஸாஃப் முன்னால் வந்தாள். திரையை இழுத்து மூடினாள். நன்றாக இருக்கிறது என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஷௌகிக்கு அக்கா வீட்டுப் பால்கனி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கப்பல் கிளம்பட்டும், அப்புறம் பார் என்றார். கப்பல் மறுநாள் கிளம்பியது. நல்ல இடங்களெல்லாம் வரும்போது சாப்பாட்டு மணி அடித்தார்கள். சாப்பாட்டுக்கூடம் கப்பலின் அடித்தளத்தில் இருந்தது, ஜன்னலில் தண்ணீரின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. அவசரமாக விழுங்கிவிட்டு அவர்கள் மேலே ஓடி வந்தபோது எஸ்னா அணையில் தண்ணீரை நிரப்பிக் கப்பலை மேல்மட்டத்துக்கு ஏற்றும் தொட்டிக்குள் கப்பல் நுழைந்திருந்தது. ஜன்னல் நிறைய ஈரமான சிமெண்ட்டுச் சுவர். ஷுப்ராச் சுவரைவிட இது நல்ல சுவர், பாசியெல்லாம் இருக்கிறது என்று இன்ஸாஃப் சொன்னாள். கொண்டுவந்த பையிலிருந்து தன் துணிகளை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்ஃபு. இங்கே கப்பலை மேற்குக் கரையில் கட்டுவார்கள். ஷௌகி திரையை விலக்கினார். கரைக்கும் அவர்களுக்கும் நடுவில் வேறொரு கப்பல். சரியாக எதிரே கோடு போட்ட பைஜாமா. ஆரஞ்சு. கிழவர் இந்தத் தடவை தலையசைத்தார்.

கோயில் பார்த்துத் திரும்பி மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இன்ஸாஃப் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டாள். ஷௌகியின் மேசையில் அஸ்யூத்திலிருந்து வந்த பல் மருத்துவர் பிஷோயும் அவர் மனைவி இரீனியும் இருந்தார்கள். கல்யாணமாகி எட்டு நாள். உங்கள் அறை எந்தப் பக்கம் அங்கிள் என்று அந்தப் பெண் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. மேற்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஷௌகிக்கு ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தையில் பேசி வழக்கமில்லை. மேற்கு பார்த்த ஜன்னல் என்றால் என்ன, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூரியன் பேரீச்சை மரங்களுக்குள் எப்படி இறங்கும், அந்த வெளிச்சம் மனைவியின் முகத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஆரம்பித்தார். அவர் அதுவரை அந்த ஜன்னலில் ஆரஞ்சைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்பது அவருக்கே மறந்துபோனது. இரீனியின் கண் விரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் வேகம் பிடித்தது. சூப் ஆறுவதற்குள், எங்கள் கிழக்குப் பக்கத்து அறையோடு மாற்றிக்கொள்ள முடியுமா, வாழ்க்கையில் ஒரே தடவை என்று பிஷோய் கெஞ்சினார். ஷௌகியின் கை தானாகவே நீண்டு அவர் கையைக் குலுக்கியது. நாலரை மணிக்குப் பெட்டியோடு வாருங்கள் என்று வாயும் சொல்லிவிட்டது.

படியேறி வரும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த ஜன்னலில் இருந்தது என்ன, பைஜாமாதானே. கிழக்கில் எது இருந்தாலும் அதைவிட மேல். இன்ஸாஃபிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம். நல்ல நேரம் நாலரைக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு இன்ஸாஃப் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தேநீர் போட்டாள். அறை புழுங்கியது. ஷௌகி ஜன்னலின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். எதிர் ஜன்னலும் திறந்தேதான் இருந்தது. கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க ஷௌகிதானே? ஷுப்ரா தரகர்?"

தரகனுக்குத் தன் பெயரைக் கேட்டால் தலை ஆடிவிடும். ஆடியது.

"நான் வக்தி. அப்ப இளம் நீதிபதி, இப்ப ரிட்டயர்டு. ரோத் அல்-ஃபரக், ஆத்தங்கரை ரோடு, ஆறாவது மாடி. ஞாபகம் இருக்கா? உங்க கல்யாணத்துக்குன்னு நீங்க எடுத்து வச்சிருந்த வீட்டை எனக்குக் குடுத்தீங்களே."

தேநீர்த் தம்ளர் இன்ஸாஃபின் உதட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. நீதிபதிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பெருந்தன்மையைத் தான் பார்த்ததில்லை என்றும், சொந்த மணப்பெண்ணுக்கு வைத்திருந்ததை அந்நியனுக்கு விட்டுக்கொடுக்க எவனுக்கு மனசு வரும் என்றும் புகழ்ந்துகொண்டே போனார். அவர் புகழப் புகழ ஷௌகி தன் தேநீரைச் சட்டை மேலேயே கொட்டிக்கொண்டார்.

நீதிபதிக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஸுஹைரின் தலை எட்டிப் பார்த்தது. கூந்தலுக்கு மருதாணி வைத்து அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தாள்.

"யாரு, அந்த வீட்டைக் குடுத்த தரகனா? எங்க அவன், நகருங்க. ரெண்டே வருஷம்யா. ரெண்டாவது வருஷமே வீட்டுக்கு முன்னாடி பன்னெண்டு மாடி எழும்பிடுச்சு. முப்பது வருஷமா ஒருத்தன் அண்டர்வேரோட கத்திரிக்காய் வறுக்கிறதப் பாத்துட்டு இருக்கேன். நைல் வேணும்னா பாத்ரூம்ல வாளியக் கவுத்துப் போட்டு ஏறணும்."

இன்ஸாஃப் தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஷௌகி சமாளித்திருப்பார். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க பன்னெண்டு மாடி வரப்போகுதுன்னு தெரிஞ்சுதான் அதை இவங்க தலையில கட்டினீங்களா? இல்ல தெரியாம வித்தீங்களா? இதுலயும் பொய் சொன்னா நாளைக்கே நான் இஸ்மாயிலியாவுக்குப் போயிடுவேன்."

ஷௌகியின் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. தெரியும் என்று சொன்னால் மனைவியிடம் தப்பித்தார். அவளைச் சுவரிலிருந்து காப்பாற்றியவர் ஆகிவிடுவார். ஆனால் ஒன்றரை அடியில் ஒரு நீதிபதி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். தெரியாது என்றால் நீதிபதியிடம் நல்லவர். மனைவியிடம் செத்தார். இரண்டுக்கும் நடுவில் வழுவழுவென்று மூன்று பொய்கள் நாக்கின் நுனியில் வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் நல்ல பொய்தான். முப்பத்தைந்து வருட அனுபவம் அதில் இருந்தது.

அவர் இன்ஸாஃபைப் பார்த்தார். திறக்காத அவள் பையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் போய் அக்கா வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நினைத்தார்.

"தெரியாது, இன்ஸாஃப்," என்றார். "அவருக்கு வேற வீடு காட்டத்தான் கூட்டிட்டுப் போனேன். நம்ம வீட்டுச் சாவி பையில இருந்துச்சு. என் பொண்டாட்டிக்கு எப்படி ஒரு இடம் பிடிச்சிருக்கேன் பாருங்கன்னு சும்மா பெருமைக்குக் காட்டினேன். ஜன்னலத் திறந்தேன், அவர் கண்ணு விரிஞ்சுது. அந்தக் கண்ணப் பாத்தா எனக்கு வாய் நிக்காது. படி இறங்கி வர்றதுக்குள்ள வித்துட்டேன்."

"அப்ப குவைத்திலேருந்து வந்த தம்பி?"

"அப்படி ஒரு தம்பியே கிடையாது."

இன்ஸாஃப் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"முப்பத்து மூணு வருஷமா ஒவ்வொரு ரமலான்லயும் நோன்பு திறக்கிற நேரத்துல அந்தத் தம்பி நாசமாப் போகணும்னு துஆ கேட்டிருக்கேன்," என்றாள். "இல்லாத மனுஷன. அவ்வளவு துஆவும் யாரு மேல போய் விழுந்துச்சோ."

வலி தீராத என் முழங்காலில்தான் என்று ஷௌகி சொல்ல வாயெடுத்தார். நல்லவேளையாக அந்த நேரம் கப்பல் ஒரு பெரிய பெருமூச்சு விட்டுக் குலுங்கியது. கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். நீதிபதியின் ஜன்னல் மேசை இழுப்பறை மாதிரி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. அவர் அந்த உத்தமமான சாட்சியத்தை மெச்சி ஏதோ தீர்ப்புச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். ஸுஹைர் பிளாஸ்டிக் பைத் தலையை நீட்டி, இவனை விடாதே தங்கச்சி, கமிஷனைத் திருப்பி வாங்கு என்று கத்தியது கடைசியாகக் கேட்டது. பிறகு அந்தக் கப்பலின் வெள்ளைச் சுவர் போனது, கரை போனது, குதிரை வண்டிகள் போயின. ஜன்னல் காலியானது.

காலியான ஜன்னலில் நைல் நதி வந்து நிறைந்தது. வெயில் தாழ்ந்திருந்தது. கரும்பு வயலுக்கு அப்பால் பேரீச்சை, அதற்குப் பின்னால் ரோஜா நிறத்தில் மலை. ஓர் எருமை கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர்களைப் பார்த்தது. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. வடக்கிலிருந்து வந்த அசல் பஹ்ரிக் காற்று. தரையில் ரொட்டி வைத்துக் கணக்குப் போட்டவர் சொன்னது அத்தனையும் சரி. இன்ஸாஃப் கையை ஜன்னல் சட்டத்தில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தாள். ஷௌகி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவர் மதியம் அளந்துவிட்டதைக் காட்டிலும் நன்றாகவே இருந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள்.

ஷௌகி அசையவில்லை. இரண்டாவது முறை தட்டினார்கள். கூடவே பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம். இன்ஸாஃப் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததைப் படிக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"இதையுமா?" என்றாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு காலணியை மாட்ட ஆரம்பித்தார். அவளே போய்க் கதவைத் திறந்தாள். பிஷோய் இரண்டு பெட்டிகளோடு நின்றார். இரீனி அவர் தோளுக்கு மேலே எக்கி ஜன்னலைப் பார்த்துவிட்டு, அங்கிள் சொன்ன மாதிரியே இருக்கிறது என்று உருகினாள்.

"வாம்மா," என்றாள் இன்ஸாஃப். "இவர் வாக்குக் குடுத்துட்டார், தெரியும். ஆனா ஜன்னல் குடுக்குறதுக்கில்ல. வாக்குக் குடுத்த ஆள் இதோ இருக்கார். அவர வேணும்னா கூட்டிட்டுப் போங்க."

இரீனி ஷௌகியை மேலும் கீழும் பார்த்தாள். அவர் தேநீர் கொட்டிய சட்டையோடு, காலணி ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் விற்பனைக்கு வைத்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள், மனசு நோகும்படி பேசத் தெரியாது.

"இல்ல ஆன்ட்டி," என்றாள். "எங்க ரூம் சின்னது."

இன்ஸாஃப் அவர்கள் இருவருக்கும் பையிலிருந்து உப்புப் போட்டு வறுத்த பூசணி விதையில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்து, நல்லா இருங்க என்று வாழ்த்திக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தன் அங்கியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள்.

"பாத்தீங்களா, சும்மா குடுத்தாலும் வாங்க ஆள் இல்ல. நானும் இஸ்மாயிலியா போயிட்டா உங்கள யாரு வச்சுக்குவா. வந்து உக்காருங்க. வாயத் திறக்கக் கூடாது."

ஷௌகி வந்து உட்கார்ந்தார். சூரியன் பேரீச்சை மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.